வில்லையின் விலை

போட்டிப் போக்கரில் தேர்ந்த ஆட்டக்காரர், தமக்கு வந்த இரு சீட்டுகளைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்பே பாதிக் கணக்கை முடித்துவிடுகிறார். மேசையைச் சுற்றி எத்தனை பேர், ஒவ்வொருவர் முன்னும் எவ்வளவு வில்லைகள், முறைவைத்துக் கட்டியாக வேண்டிய கட்டாயப் பந்தயம் அடுத்து யார்மேல் விழப்போகிறது, பரிசுக்குரிய இடத்தை எட்ட இன்னும் எத்தனை பேர் வெளியேற வேண்டும் என்பனவே அவர் கண்ணில் முதலில் படுகின்றன. புதிதாக ஆட வந்தவர் கையில் ஏஸ் கண்டதும் மகிழ்கிறார். தேர்ந்தவரோ அந்த ஏஸ் இந்த இருக்கையில், இந்த வேளையில், எதிரே உயர்ந்து நிற்கும் இந்த அடுக்குகளுக்கு முன்னால் எவ்வளவு பெறும் என்று கணிக்கிறார். சீட்டு இருவர்க்கும் ஒன்றே. அதற்கு அவர்கள் இடும் மதிப்புத்தான் வேறுபடுகிறது.

இம்மதிப்பீட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டுக் கணிதம் நிற்கிறது. போக்கரைச் சூது என்று ஒதுக்கிவிடுவோர் அக்கணிதத்தின் அழகையும் சேர்த்தே இழந்துவிடுகின்றனர் என்பது என் கருத்து. பணம் வைத்து ஆடுவதால் குடும்பங்களுக்கு நேரும் கேட்டை நான் சிறிதும் மறுக்கவில்லை. அதைப் பற்றியும் உரிய இடத்தில் சொல்வேன். இங்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே: போட்டிப் போக்கரில் வில்லைக்கு நிலையான விலை இல்லை. தேர்ந்தவர்களின் சிந்தனை முழுவதும் அந்த மாறும் விலையைக் கண்டறியும் முயற்சியே ஆகும்.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருங்கச் சொல்லிவிடலாம். இன்று உலகெங்கும் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவர்க்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். மேசையின் நடுவே முதலில் மூன்று, பின்னர் ஒன்று, இறுதியில் ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் வெல்வார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் நடக்கும்: சமமாக வைத்துத் தொடரலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். மற்ற எல்லாரும் விலகிவிட்டால் எஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலே நடுவிலுள்ள பந்தயத்தொகையை எடுத்துக்கொள்வார். பொய்ப் பந்தயத்துக்கு வழி திறந்துவிடும் விதி இதுவே.

ஐம்பத்திரண்டு சீட்டுகளிலிருந்து இரண்டைத் தெரிவு செய்ய 1,326 வழிகள் உள்ளன. ஏஸ் இணை அமையும் வழிகள் ஆறு; ராஜா இணைக்கும் ஆறு; ஏஸும் ராஜாவும் சேர்ந்து வரப் பதினாறு. ஆகவே 221 ஆட்டங்களுக்கு ஒருமுறையே ஏஸ் இணை வரும் என்று எதிர்பார்க்கலாம். எளிய எண்ணிக்கைதான். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரரின் எண்ணமெல்லாம் இந்த எண்ணிக்கையின்மேல்தான் எழுகிறது. எதிரி என்ன சீட்டு வைத்திருக்கிறார் என்று அவர் ஊகிப்பதில்லை. எதிரி இதுவரை நடந்துகொண்ட முறைக்கு எந்தெந்தச் சீட்டுகள் ஒத்துவரும் என்று ஒரு தொகுதியையே மனத்தில் விரிக்கிறார். அத்தொகுதியை ஆட்டக்காரர்கள் வீச்சு என்கிறார்கள்.

ஒரு காட்சியைக் கூர்ந்து பார்ப்போம். உங்கள் கையில் ராணி இணை. நெடுநேரமாகச் சீட்டைக் கவிழ்த்துக்கொண்டே இருந்த ஒருவர் திடீரெனத் தம்மிடமுள்ளதை எல்லாம் முன்னே தள்ளுகிறார். அவர் ஏஸ் இணை, ராஜா இணை, ஏஸ்–ராஜா ஆகிய மூன்றுக்கு மட்டுமே இப்படிச் செய்வார் எனக் கொண்டால், அவருடைய வீச்சு ஆறும் ஆறும் பதினாறுமாக 28 வழிகள். பெரிய இணைகளுக்கு எதிரே ராணி இணை ஐந்தில் ஒரு முறைகூட வெல்லாது. ஏஸ்–ராஜாவுக்கு எதிரே நூற்றுக்கு ஏறத்தாழ 56 முறை வெல்லும். எடையிட்டுக் கூட்டினால் உங்கள் வெற்றி வாய்ப்பு 40 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. அவர் ஜாக்கி இணைக்கும் இவ்வாறே செய்வார் என்று தெரிந்தால், கணக்கில் ஆறு வழிகள் கூடி, வாய்ப்பு 47 விழுக்காடாக ஏறிவிடும். உங்கள் சீட்டு மாறவில்லை. எதிரியைப் பற்றிய அறிவு மாறியது.

இதன் நுட்பமான மறுபக்கம் ஒன்று உண்டு. ராணி இணைக்கு மாற்றாக உங்கள் கையிலேயே ஓர் ஏஸும் ஒரு ராஜாவும் இருக்கட்டும். அப்போது எதிரிக்கு ஏஸ் இணை வரும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகச் சுருங்குகின்றன. ராஜா இணைக்கும் அப்படியே. ஏஸ்–ராஜா பதினாறிலிருந்து ஒன்பதாகக் குறைகிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் சீட்டு, எதிரி கையில் இருக்க முடியாத சீட்டு. தம் சீட்டின் வலிமையை அளக்கும்போதே அது எதிரியின் வீச்சில் எவற்றை அடைத்துவிடுகிறது என்பதையும் தேர்ந்தவர் சேர்த்து அளக்கிறார். தொடக்கநிலை ஆட்டக்காரர்க்கும் தேர்ந்தவர்க்கும் இடையே இதைவிடத் தெளிவான எல்லைக்கோடு இல்லை எனலாம்.

வீச்சு தெரிந்தபின் விலை பார்க்க வேண்டும். நடுவில் 600 வில்லைகள் இருக்கின்றன. எதிரி 300 வைக்கிறார். தொடர நீங்கள் 300 தந்தால் 900 பெறும் வாய்ப்புக் கிடைக்கிறது. மொத்தம் 1,200-இல் உங்கள் பங்கு 300. எனவே நான்கில் ஒரு முறை வென்றாலே இழப்பில்லை. ஒரே சின்னத்தில் ஐந்து சேர இன்னும் ஒன்று வேண்டும், வரவேண்டியது கடைசிச் சீட்டு மட்டுமே என்றால், காணாத 46 சீட்டுகளில் ஒன்பதே உங்களுக்கு உதவும். அது 20 விழுக்காட்டைத் தொடவில்லை. கவிழ்ப்பதே முறை. இரண்டு சீட்டுகள் வர இருந்து, இடையில் வேறு பந்தயமும் இல்லாதிருந்தால் அதே வாய்ப்பு 35 விழுக்காடு, அப்போது தொடரலாம்.

பொய்ப் பந்தயத்தைத் துணிச்சலின் வெளிப்பாடாகவே பலரும் கருதுகின்றனர். அதைக் கணக்கின் தேவையாகக் காட்டியவர் ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நாய்மன். 1928-இல் ஆட்டக் கோட்பாட்டின் அடித்தளத் தேற்றத்தை மெய்ப்பித்த அவர், 1944-இல் பொருளியலறிஞர் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னுடன் எழுதிய பெருநூலில் போக்கருக்கென ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கினார். எளிமைப்படுத்திய மாதிரி ஒன்றில் ஒவ்வொருவர்க்கும் சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண் சீட்டாகக் கிடைக்கிறது. யாரிடம் பெரிய எண்ணோ அவர் வெல்வார். பந்தயம் வைப்பவர் எவ்வெண்களுக்கு வைக்க வேண்டும்? மிகப் பெரிய எண்களுக்கும், மிகச் சிறிய எண்களுக்கும் என்பது அவர் கண்ட விடை. நடுத்தரமான எண்ணுக்கு வைக்கக் கூடாது. நடுத்தரச் சீட்டு பந்தயமின்றியே சில வேளைகளில் வெல்லும். அதை வைத்துப் பொய்யுரைப்பது அவ்வெற்றி வாய்ப்பை வீணாக்குவதாகும். காட்டினால் தோற்பது உறுதி என்ற சீட்டுக்கே பொய் தகும். நடுவிலுள்ள தொகைக்குச் சமமான பந்தயம் வைப்பவர், உண்மையான வலிமை இரண்டுக்குப் பொய் ஒன்று என்ற அளவில் கலந்தால், எதிரி தொடர்ந்தாலும் விலகினாலும் ஒன்றே என்ற நிலைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம்.

2003-ஆம் ஆண்டு லாஸ் வேகாசில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் இதற்கு ஒரு சான்று உண்டு. இறுதியில் எஞ்சிய இருவர்: டென்னசியைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர், பழுத்த ஆட்டக்காரர் சாமி ஃபார்ஹா. மணிமேக்கர் கையில் இஸ்பேட் ராஜாவும் ஓர் ஏழும். பொதுச் சீட்டுகளில் ஒன்பது, ஆறு, எட்டு மூன்றும் இஸ்பேட். மற்றவை இரண்டும் மூன்றும். வரிசை சேரவில்லை, ஒரே சின்னத்தில் ஐந்தும் சேரவில்லை. காட்டினால் தோல்விதான், ஃபார்ஹாவிடம் ஒன்பது இணை இருந்தது. மணிமேக்கர் உள்ளதை எல்லாம் முன்னே தள்ளினார். ஃபார்ஹா நெடிது எண்ணிப் பார்த்துச் சீட்டைக் கவிழ்த்தார். ராஜாவும் ஏழும் வான் நாய்மனின் மிகச் சிறிய எண்ணுக்கு நிகரானவை. மேலும், இஸ்பேட் ராஜா தம் கையில் இருந்ததால் எதிரி அந்த ராஜாவைக் கொண்டு இஸ்பேட் ஐந்தை முடித்திருக்க இயலாது என்பதும் மணிமேக்கருக்குத் தெரிந்த உண்மை. அன்று அவர் இவற்றையெல்லாம் எண்ணினாரா என்பது வேறு. தேர்ந்தவர்கள் அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப அலசுவது இக்காரணங்களுக்காகவே.

அதே போட்டி வில்லையின் விலையையும் நமக்குக் காட்டிவிடுகிறது. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். மணிமேக்கர் 86 டாலர் கட்டிய இணையத் தகுதிப்போட்டி ஒன்றின் வழியே உள்ளே வந்தவர். ஒவ்வொருவர்க்கும் தரப்பட்ட வில்லைகள் 10,000. ஆக, தொடக்கத்தில் வில்லை ஒன்றுக்கு ஒரு டாலர். ஆடியவர்கள் 839 பேர். இறுதியில் 83,90,000 வில்லைகளும் மணிமேக்கர் முன் குவிந்து கிடந்தன. அவருக்குக் கிடைத்த பரிசு 25 இலட்சம் டாலர். அதாவது வில்லை ஒன்றுக்கு 30 சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு. மீதிப் பணம் எங்கே? கையில் ஒரு வில்லைகூட இல்லாமல் எழுந்து போன ஃபார்ஹாவுக்கு 13 இலட்சம் டாலர். மூன்றாமிடம் பெற்ற டான் ஹாரிங்டனுக்கு 6,50,000 டாலர். இவ்வாறே கீழிறங்கிப் பங்கிடப்பட்டது. வில்லை சேரச்சேர அதன் விலை இறங்குகிறது; குறையக்குறைய எஞ்சியதன் விலை ஏறுகிறது. பணத்துக்கு நேரடியாக ஆடும் மேசையில் இப்படி நேராது. அங்கே வில்லை என்றும் தன் முகமதிப்பே பெறும்.

இவ்விலையைக் கணக்கிட வழி கண்டவர் மேசன் மால்முத். 1987-இல் அவர் முன்வைத்த முறைக்குத் தனிச் சார்பற்ற வில்லை மாதிரி என்று பெயர் சொல்லலாம், ஆட்டக்காரர்கள் ஐ.சி.எம். என்று வழங்குகின்றனர். டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலறிஞர் குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எந்த இடம் பெறும் என்பதற்கு 1973-இல் அமைத்த வாய்பாடே இதிலும் செயற்படுகிறது. ஒருவர் முதலிடம் பெறும் நிகழ்தகவு, மொத்த வில்லைகளில் அவருடைய பங்குக்குச் சமம். முதலிடம் பெற்றவரை விலக்கிவிட்டு, எஞ்சியோரிடையே அதே முறையில் இரண்டாமிடம்; பின்னர் மூன்றாமிடம். ஒவ்வோர் இடத்தின் நிகழ்தகவையும் அவ்விடத்தின் பரிசால் பெருக்கிக் கூட்டினால் அவர் கையிலுள்ள வில்லைகளின் பணமதிப்பு கிடைக்கும்.

எண்களோடு செய்து பார்த்தால்தான் இதன் வியப்புப் புலப்படும். நால்வர் எஞ்சியிருக்கிறார்கள். பரிசு மூவர்க்கே: 50, 30, 20. ஒவ்வொருவரிடமும் 2,500 வில்லைகள். நால்வரும் சமம் ஆதலால் ஒவ்வொருவர் மதிப்பும் 25. இப்போது ஒருவர் எல்லாவற்றையும் முன்னே தள்ளுகிறார். நீங்கள் தொடர எண்ணுகிறீர்கள். கட்டாயப் பந்தயங்களைக் கணக்கில் கொள்ளாமல் விடுவோம். வென்றால் உங்களிடம் 5,000; மற்ற இருவரிடம் 2,500 வீதம். உங்களுக்கு முதலிடம் கிடைக்கும் நிகழ்தகவு இரண்டில் ஒன்று, இரண்டாமிடம் மூன்றில் ஒன்று, மூன்றாமிடம் ஆறில் ஒன்று. பரிசுகளால் பெருக்கிக் கூட்டினால் 25, 10, 3.33, ஆக 38.33. வில்லைகள் இரட்டித்தன, மதிப்பு இரட்டிக்கவில்லை. 25-ஐ இழக்கத் துணிந்து 38.33-ஐப் பெற முயல்கிறீர்கள். இழப்பின்றித் தப்பக்கூட நூற்றுக்கு 65 முறை வெல்ல வேண்டும். வில்லைக் கணக்கு மட்டும் பார்ப்பவர் 50 போதும் என்று தொடர்ந்துவிடுவார்.

எதிரி தம் சீட்டைப் பார்க்காமலே தள்ளியதாக நமக்கு உறுதியாகத் தெரிந்தால்கூட, ஆறு இணை போதாது. அதன் வெற்றி வாய்ப்பு 63 விழுக்காடு. ஏழு இணை 66-இல் மயிரிழையில் தேறுகிறது.

மேலும் ஒன்று காண்க. நீங்கள் வென்றபின் மற்ற இருவரின் மதிப்பு என்ன? நூறிலிருந்து 38.33 போக எஞ்சியதை இருவர்க்கும் பகிர்ந்தால் ஒவ்வொருவர்க்கும் 30.83. சீட்டைக் கவிழ்த்துவிட்டு வாளா இருந்தவர்கள் ஆளுக்கு 5.83 பெற்றுவிட்டார்கள். மோதிய இருவரும் சேர்ந்து 50-ஐக் கொண்டுவந்து, 38.33-ஐ எடுத்துச் சென்றார்கள். எஞ்சிய 11.67 கைகட்டி நின்றவர்களுக்குப் போயிற்று. போட்டிப் போக்கரின் இக்கட்டத்தைப் புரிந்துகொள்ளாமல் ஆடுவோர் ஒவ்வொரு மோதலிலும் அயலார்க்குப் பரிசு வழங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

நிலைமையைச் சற்றே மாற்றுவோம். மூவரிடம் 3,300 வீதம். நான்காமவரிடம் வெறும் 100. அவர் அடுத்த ஓரிரு ஆட்டங்களில் வெளியேறிவிடக் கூடும். இப்போது பெரிய அடுக்குக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் தள்ளினால், மற்றொரு பெரிய அடுக்குக்காரரான நீங்கள் தொடரத் தேவையான வாய்ப்பு எவ்வளவு? உங்கள் இப்போதைய மதிப்பு 32.8, வென்றால் 43.1. தேவை 76 விழுக்காடு. எதிரி கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சீட்டுக்கும் தள்ளுகிறார் என்றாலும், பத்து இணையைக் கவிழ்க்க வேண்டும். அது 75-ஐயே எட்டும். ஏஸ்–ராஜாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆட்டத்தின் மிகச் சிறந்த சீட்டுகளுள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விலகுவதுதான் அறிவுடைமை என்று கணக்கு சொல்கிறது. மூலையில் நூறு வில்லையோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே காரணம். தேர்ந்தவர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பு மேசையைப் பார்ப்பது இதனால்தான்.

இக்கணக்கு, தொடர்பவரை அஞ்சச் செய்கிறது. முதலில் தள்ளுபவர்க்கோ படைக்கலமாகிறது. எதிரி 76 விழுக்காடு உறுதி இல்லாமல் தொடர மாட்டார் என்று நான் அறிந்தால், ஏறக்குறைய எந்தச் சீட்டைக் கொண்டும் நான் முதலில் தள்ளலாம். அவர் பெரும்பாலும் விலகுவார். பிறர் உயர்த்திய பந்தயத்துக்கு ஈடுகொடுக்க, தாமே முதலில் உயர்த்துவதற்கு வேண்டியதைவிட வலிய சீட்டு வேண்டும் என்று டேவிட் ஸ்க்ளான்ஸ்கி தம் 2002-ஆம் ஆண்டு நூலில் இதை ஒரு கொள்கையாகவே வகுத்தார்.

ஆனால் காத்திருந்துகொண்டே இருக்கவும் முடியாது. போட்டியில் கட்டாயப் பந்தயங்கள் குறித்த நேரத்துக்கொருமுறை ஏறிக்கொண்டே போகும். 1995-இல் முதன்மைப் போட்டியில் வாகை சூடியவரும், 2003-இல் மூன்றாமிடமும் 2004-இல் நான்காமிடமும் பெற்றவருமான ஹாரிங்டன் இதற்கோர் அளவுகோலைப் பரப்பினார். பேக்கமன் வல்லுநர் பால் மேக்ரியல் பெயரால் அதை எம் என்கின்றனர். சிறிய கட்டாயப் பந்தயம் 100, பெரியது 200, ஒன்பது பேரும் தலைக்கு 25 வைக்கிறார்கள் என்றால் ஒரு சுற்றின் செலவு 525. கையில் 5,250 இருந்தால் எம் பத்து. சும்மா இருந்தாலே பத்துச் சுற்றில் கரைந்துவிடும். இருபதுக்கு மேல் பச்சை வட்டம், பத்திலிருந்து இருபது மஞ்சள், ஆறிலிருந்து பத்து செம்மஞ்சள், அதன் கீழ் சிவப்பு என அவர் பகுத்தார். பச்சையில் எல்லா வகை ஆட்டமும் ஆடலாம். சிவப்பில் ஒன்றே எஞ்சும்: முதலாளாக உள்ளதையெல்லாம் தள்ளுவது. அந்த ஒன்றும் எதிரிகள் விலகக்கூடும் என்ற அச்சுறுத்தல் நிலைத்திருக்கும் வரைக்கே பயன்தரும். வில்லைகள் மிகவும் தேய்ந்தபின் தள்ளினால் யாரும் அஞ்ச மாட்டார்கள். ஆகவே நல்ல சீட்டுக்காகக் காத்துக் காத்து, அஞ்சத்தக்க அளவு அடுக்கு இல்லாமற்போகும் வரை இருந்துவிடுவது புதியவர்களின் பெருங்குறை.

இத்தகைய சிந்தனையைக் கற்பது எப்படி? நூல் படித்துக் கணக்குப் பழகுவது எளிய பகுதி. அரிய பகுதி, முடிவையும் விளைவையும் வேறாக்கிப் பார்ப்பது. ஏஸ் இணை ராஜா இணையை நூற்றுக்கு 82 முறை வெல்லும். எஞ்சிய 18 முறை தோற்கும்போது ஆடியவர் தவறிழைத்தாரா? இல்லை. ஆனால் மனம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. உளவியல் பயின்று பின்னர்த் தொழில்முறை ஆட்டக்காரரான ஆனி டியூக் தம் 2018-ஆம் ஆண்டு நூலில் இக்கோளாற்றையே முதற்பொருளாக எடுத்துக்கொள்கிறார்: நல்ல விளைவு வந்தால் நல்ல முடிவு எடுத்தோம் என்றும், தீய விளைவு வந்தால் தவறு செய்தோம் என்றும் நாம் பின்னோக்கி எழுதிக்கொள்கிறோம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற மரியா கொன்னிகோவா இவ்வகையில் ஒரு பெருஞ்சோதனையே நடத்தினார். போக்கர் அறியாதவராக இருந்த அவர் எரிக் சைடல் என்னும் மூத்த ஆட்டக்காரரிடம் பயின்று, 2018 சனவரியில் பகாமாசில் ஒரு போட்டியில் வென்று 84,600 டாலர் பெற்றார். அவர் எழுதியவற்றுள் என்னை மிகவும் ஈர்த்தது சைடலின் ஒரு வழக்கம். தமக்கு நேர்ந்த தீய பேற்றைப் பற்றிக் கொன்னிகோவா முறையிடத் தொடங்கினால் சைடல் கேட்க மறுத்துவிடுவார். எடுத்த முடிவைப் பற்றி ஐயம் இருந்தால் கேட்கலாம்; வந்த சீட்டைப் பற்றிய புலம்பலுக்கு இடமில்லை. எந்தச் சீட்டில் வென்றோம் என்பதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது, எதை ஊகித்தோம், ஊகத்துக்கு என்ன ஆதாரம் என்று மட்டும் பேசும் ஓர் ஒழுக்கம் இது. ஆய்வுக்கூடத்தில் பயில்வோர்க்கும் மருத்துவம் பயில்வோர்க்கும் இவ்வொழுக்கம் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திறன் உண்மையாகவே வேறுபாட்டை உண்டாக்குகிறதா என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெவிட்டும் தாமஸ் மைல்சும் 2010-ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். போட்டிக்கு முன்னரே திறமிக்கவர் என அடையாளங்காணப்பட்டோர் தாம் இட்ட பணத்தின்மேல் சராசரியாக 30 விழுக்காட்டுக்கு மேல் ஆதாயம் கண்டனர். மற்றோர் ஏறத்தாழ 15 விழுக்காடு இழந்தனர். இவ்வினா நம் நாட்டில் நீதிமன்றப் படியும் ஏறியது. தமிழ்நாட்டரசின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் நற்பேற்று ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியபோதும், அவ்விரண்டும் திறன்சார் ஆட்டங்கள் எனக் கண்டு அப்பட்டியலை நீக்கியது. 2025-இல் நாடாளுமன்றம் திறன், நற்பேறு என்ற பாகுபாடே பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. மேற்சொன்ன ஆய்வின் இரண்டாம் எண்ணை மறந்துவிடக் கூடாது. திறன் உள்ள ஆட்டம் என்பதாலேயே திறனற்றோர் பணம் திறனுடையோரிடம் ஓயாது பாயும். கடன்பட்டு நொந்த வீடுகளின் துயரம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. கணிதத்தைக் கற்கப் பணம் வைக்க வேண்டியதில்லை. ஒரு சீட்டுக்கட்டும் தாளும் எழுதுகோலும் போதும்.

எந்திரங்களும் இவ்வாட்டத்தைக் கற்றன. இருவர் மட்டும் ஆடும், பந்தய வரம்புள்ள வகையைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் ஏறத்தாழ முழுமையாகத் தீர்த்தனர். அவர்கள் நிரலின் பெயர் செஃபியஸ். 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டுவோமாஸ் சாண்ட்ஹோல்மும் நோவம் பிரவுனும் படைத்த லிப்ராட்டஸ், வரம்பற்ற வகையில் நான்கு வல்லுநர்களோடு 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. பகலில் மனிதர்கள் தன்னிடம் கண்டறிந்த ஓட்டைகளை அது இரவோடிரவாக அடைத்துக்கொண்டது. 2019-இல் சாண்ட்ஹோல்மும் பிரவுனும் படைத்த புளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் வென்றது. எதிரிகளின் முகத்தை அவை படிக்கவில்லை. தமக்குத்தாமே எண்ணிறந்த ஆட்டங்கள் ஆடி, ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வழி எடுத்திருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்ற வருத்தத்தை அளந்து, அவ்வருத்தம் குறையும் திசையில் தம்மைத் திருத்திக்கொண்டன. முந்தைய கட்டத்தில் பிறர் உயர்த்தியதற்கு ஈடுகொடுத்துவிட்டு, அடுத்த கட்டத்தைத் தாமே பந்தயத்துடன் தொடங்குவது பிழை என்று வல்லுநர்கள் கொண்டிருந்த நெடுநாள் எண்ணத்தைப் புளூரிபஸ் ஏற்கவில்லை. மனிதர்களைவிட அதிகமாக அவ்வாறு ஆடியது.

ஆயினும் லிப்ராட்டஸ், புளூரிபஸ் இரண்டின் ஆய்விலும் ஒவ்வோர் ஆட்டமும் புதிய அடுக்கோடு தொடங்கியது. லிப்ராட்டசுக்கு 20,000 வில்லைகள், புளூரிபசுக்கு 10,000. இழந்தவர் மறுபடியும் நிறைகுடமாக அமர்ந்தார். ஓர் ஆட்டத்தின் தழும்பு அடுத்த ஆட்டத்தில் தெரியாது. ஆகவே போட்டிப் போக்கரின் நடுவண் சிக்கலான மாறும் விலை அச்சோதனைகளில் இடம்பெறவே இல்லை. இன்று ஆட்டக்காரர்கள் பயிலும் கணிப்பு நிரல்கள் மால்முத்தின் மாதிரியை இணைத்துக்கொண்டு அவ்விலையையும் கணக்கிடுகின்றன. எனினும் அம்மாதிரிக்கு இருக்கை தெரியாது, ஆள் தெரியாது, அடுத்து ஏறவிருக்கும் கட்டாயப் பந்தயமும் தெரியாது. இருவரிடம் ஆளுக்கு 800 வில்லைகள். ஒருவர் அடுத்த ஆட்டத்திலேயே 400 கட்டியாக வேண்டியவர், மற்றவர்க்கு அது இன்னும் ஏழு ஆட்டம் தள்ளி. மாதிரி இருவர்க்கும் ஒரே மதிப்பைத் தருகிறது. முதலாமவர் மதிப்பிலிருந்து எவ்வளவு குறைப்பது, இரண்டாமவர் மதிப்போடு எவ்வளவு கூட்டுவது என்பதை, மேசையைப் பார்த்து, ஆட்டக்காரர் தாமே முடிவு செய்துகொள்கிறார்.